ஸ்கேனில் சிவப்பு வந்தால் நரம்பு போய்விட்டது என்று அர்த்தமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வயது 58. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் வகுப்பிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. கடைசியாக இருந்த பவர் வலக்கண்ணில் மைனஸ் 14, இடக்கண்ணில் மைனஸ் 12.5. நான்கு மாதங்களுக்கு முன் வலக்கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இப்போது மைனஸ் 2.5 கண்ணாடியில் 6/9 வரி தெரிகிறது; கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்.

கவலை ஓசிடி ஸ்கேனால், அதாவது விழித்திரை அடுக்குகளை ஒளியால் அளக்கும் ஸ்கேனால் வந்தது. வலக்கண்ணின் நரம்பிழைப் படலத்தின் (பார்வை நரம்பாகச் சேரும் இழைகளின் அடுக்கு) சராசரித் தடிமன் அறுவைக்கு முன் 61 மைக்ரான், ஒரு மாதம் கழித்து 74, நான்காம் மாதம் 70. மூன்று ரிப்போர்ட்டிலும் சிவப்பு. அறுவை முடிந்த வாரத்திலிருந்து உறவினர் சொன்ன 'நரம்புச் சத்து' மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். "சாப்பிட்டபோது ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது" என்பது அவர் கணக்கு. கண் அழுத்தம் அறுவைக்கு முன் 15, ஒரு மாதத்தில் 22, இப்போது 26. ஆறு வாரத்தில் நிறுத்தச் சொன்ன ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, உறுத்தலுக்கு இதமாக இருக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி இன்றுவரை தினம் இரண்டு வேளை போடுகிறார். இதை மருத்துவரிடம் சொல்லவில்லை. "இரண்டு வாரத்தில் வாங்க, ஃபீல்டு டெஸ்ட் எடுக்கணும்" என்று மருத்துவர் பார்வைப் பரப்புச் சோதனைக்குக் கூப்பிட்டும் பயத்தில் போகவில்லை. இடக்கண் அறுவையையும் தள்ளிப் போட்டிருக்கிறார். அறுவைதான் நரம்பைக் கெடுத்தது, நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்கிறார் அண்ணன். கடைசியில் ஒரு பின்குறிப்பு: "பத்து நாளாக வலக்கண்ணில் கொசு போல ஒன்று ஓடுகிறது. இருட்டில் ஓரத்தில் பளிச்சென்று மின்னுகிறது. வயசானால் வருவதுதானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இரண்டு பக்கம் எழுதிக் கேட்ட சிவப்பு நிறம் ஒரு வாரம் காத்திருக்கும். அந்த மின்னலும் கொசுவும் காத்திருக்காது.

இதைப் படிக்கும் நாளிலேயே கண் மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணுக்குள் இருக்கும் ஜெல், விழித்திரையிலிருந்து விலகும்போது இப்படித்தான் புள்ளி ஓடும், ஓரத்தில் மின்னும். வயதானால் பலருக்கும் வருவது என்பதும் சரிதான். ஆனால் மைனஸ் 14 அளவுக்குக் கிட்டப்பார்வை உள்ள உங்கள் கண் நீளமானது. நீளமான கண்ணில் விழித்திரையின் ஓரம் மெலிந்திருக்கும். புரை அறுவை அந்த விலகலை முன்கூட்டியே நடக்கவைக்கும். விலகும்போது மெலிந்த இடத்தைப் பிடித்து இழுத்தால் கிழிசல் விழும். கிழிசலோடு இருக்கும்போது கண்டுபிடித்தால், அதைச் சுற்றி லேசர் போட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அதன் வழியாக நீர் இறங்கி விழித்திரை கழன்றுவிட்டால் பெரிய அறுவை. பார்வை முழுக்கத் திரும்பும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. புள்ளிகள் புகைக்கரி கொட்டியதுபோலத் திடீரெனப் பெருகினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல நிழல் வந்தாலோ, இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

போகும்போது துணைக்கு ஆள் வேண்டும். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் நான்கைந்து மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. "விழித்திரை ஓரத்தை அழுத்திப் பார்க்க வேண்டும், இரண்டு கண்ணையும்" என்று நீங்களே கேளுங்கள். அறுவை ஆகாத இடக்கண்ணும் 28 மி.மீ. நீளம் தாண்டிய கண்தான். ஒரு கண்ணில் மட்டும் பார்த்து அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்தது.

கூடவே அந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்துக் குப்பியையும் எடுத்துப் போங்கள்.

குப்பியும் 26 என்ற எண்ணும்

உங்கள் கடிதத்தில் நரம்பைக் கெடுக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது அறுவை அல்ல, இந்தக் குப்பி.

ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண்ணின் நீர் வடியும் வழியை அடைக்கும், அழுத்தம் ஏறும். எல்லோருக்கும் ஏறாது. ஏறக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால் அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் ஏற்றம் தெரியும். உங்களுக்கு 15-லிருந்து 22, பிறகு 26. புரை எடுத்த கண்ணில் அழுத்தம் பொதுவாக ஓரிரு புள்ளி குறையத்தான் வேண்டும். குறைய வேண்டிய இடத்தில் 11 கூடியிருக்கிறது. வலி இருக்காது, சிவக்காது, பார்வை உடனே மங்காது. அதனால்தான் "இதமாக இருக்கிறது" என்று நான்கு மாதம் போட முடிந்திருக்கிறது.

குப்பியில் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டைஃப்ளூப்ரெட்னேட் என்று எது எழுதியிருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். ஆன்டிபயாட்டிக் சேர்ந்த கலவையிலும் இது ஒளிந்திருக்கும். எத்தனை நாளில் குறைத்து நிறுத்துவது என்பதைக் கண்ணுக்குள் அழற்சி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து மருத்துவர் சொல்வார். மறுபடி கடையில் வாங்காதீர்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அழுத்தம் இறங்கிவிடும். நிறுத்திய இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் அளக்கவேண்டும். அதுவரை அழுத்தம் குறைக்கும் சொட்டு தரலாம். டிமோலோல் எழுதினால், வீசிங்கோ இதயத் துடிப்பு குறையும் பிரச்சினையோ இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கண்ணில் விட்டாலும் அது உடம்புக்குப் போகும்.

உங்கள் உறுத்தல் அனேகமாகக் கண் உலர்ச்சி. புரை அறுவைக்குப் பின் சில மாதம் இருப்பது சகஜம். பதப்படுத்தும் ரசாயனம் சேராத கண்ணீர்ச் சொட்டு நான்கு வேளை போட்டாலே அடங்கும். மருத்துவரிடம் ஸ்டீராய்டை மறைத்ததற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் அவர் அழுத்தம் ஏன் ஏறியது என்று தெரியாமல் குழம்பிக்கொண்டிருப்பார். சொல்லாவிட்டால் கிளாக்கோமா (பார்வை நரம்பு தேயும் நோய்) என்று முத்திரை குத்தி ஆயுசுக்கும் வேறு சொட்டு எழுதிக் கொடுக்கும் நிலை வரும்.

இப்போது 61, 74, 70

நீங்கள் கணக்கு ஆசிரியை. அளவுகோல் மாறினால் இரண்டு எண்ணை ஒப்பிடக்கூடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! இங்கே நடந்தது அதுதான்.

ஓசிடி கருவி ஒளியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்துப் படலத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கோடு போட்டு அளக்கிறது. நடுவில் புரை இருந்தால் ஒளி சிதறும், எல்லை மங்கும், கோடு தப்பாக விழும். பெரும்பாலும் மெலிந்ததாகவே காட்டும். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேலும் சிக்னல் அளவு என்று 10-க்கு ஒரு மதிப்பெண் இருக்கும். நீங்கள் அனுப்பிய நகலில் அறுவைக்கு முந்தையது 4, மற்ற இரண்டும் 8. 6-க்குக் கீழே இருந்தால் அந்த ஸ்கேனை நம்பக்கூடாது என்பது விதி. ஆக, 61 என்பது உங்கள் நரம்பின் அளவே அல்ல. அழுக்குக் கண்ணாடி வழியே படித்த எண். அதை அடித்துவிடுங்கள்.

அடித்துவிட்டால் "61-லிருந்து 74-க்கு ஏறியது" என்பதே இல்லாமல் போகிறது. மாத்திரைக்கான பெருமையும் அதோடு போகிறது. இழந்த நரம்பிழையை வளர்க்கும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் அதற்கு மருந்து சாப்பிடலாம். அது வேறு கதை.

சரி, 74 ஏன் 70 ஆனது? ஒரே கண்ணை ஒரே நாளில் இரண்டு முறை ஸ்கேன் செய்தாலும் சராசரியில் நான்கைந்து மைக்ரான் வரை முன்பின் வரும். இன்னொன்று, அறுவையின் லேசான அழற்சியால் முதல் சில வாரங்களில் விழித்திரை கொஞ்சம் ஊதியிருக்கும். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் இது அதிகமானால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பார்வையே மங்கும். உங்களுக்கு அந்த அளவு இல்லை. ஊதியது வடிந்தால் எண் இறங்கும். இந்த இரண்டுமே 4 மைக்ரானை விளக்கப் போதும். ஆனால் அழுத்தம் 26 இருக்கும்போது நான் 'இதெல்லாம் ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுத் தூங்க முடியாது. அழுத்தத்தால் தேய்வதும் இதே 4 மைக்ரானாகத்தான் தொடங்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இன்னும் ஒரு ஸ்கேன் வேண்டும்.

அந்த ஸ்கேன் எப்படி இருக்கவேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனக் கருவி, அதே வகை ஸ்கேன்; வேறு கருவியின் மைக்ரானோடு இதை ஒப்பிட முடியாது. சிக்னல் 7-க்கு மேல். எடுப்பதற்கு முன் கண்ணீர்ச் சொட்டு ஒன்று, தலை நேராக. அழுத்தம் இறங்கிய பிறகு, இப்போதிலிருந்து மூன்று மாதத்தில். சராசரியை மட்டும் பார்க்காமல், பார்வை நரம்புக்கு மேலும் கீழும் நெற்றிப்பொட்டுப் பக்கம் உள்ள பகுதிகளைத் தனியாக ஒப்பிடச் சொல்லுங்கள். கிளாக்கோமா முதலில் கைவைக்கும் இடம் அவை. படத்தில் கருவி போட்ட எல்லைக்கோடு சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் கண்ணால் பார்க்கவேண்டும். கிட்டப்பார்வைக் கண்ணில் நரம்பைச் சுற்றி வெளிறிய பிறை இருக்கும். கோடு அங்கே அடிக்கடி வழுக்கும்.

இன்னொரு தவறான கணக்கையும் திருத்திவிடுகிறேன். 70 என்றால் "100-க்கு 70" அல்ல. நல்ல கண்ணிலேயே சராசரி 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். நரம்பிழை முழுக்க அழிந்த கண்ணிலும் கருவி பூஜ்யம் காட்டாது. ரத்தக்குழாயும் தாங்குதிசுவும் மிஞ்சுவதால் 50 சொச்சத்தில் நின்றுவிடும்.

சிவப்பு யாரோடு ஒப்பிட்டது?

கருவிக்குள் ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. உங்கள் வயதில் நல்ல கண் உள்ள 100 பேரில் மிக மெலிந்த 1 ஆளின் இடத்தில் நீங்கள் இருந்தால் சிவப்பு, 5 பேருக்குள் என்றால் மஞ்சள், மிகத் தடித்த 5 பேர் வெள்ளை, மற்றவர்கள் பச்சை. அந்த 100 பேர் யார் என்பதுதான் கேள்வி. பரவலாகப் புழங்கும் சிர்ரஸ் கருவியின் பட்டியல் 284 பேரை வைத்துத் தயாரானது. அதில் மைனஸ் 12-க்கு மேல் யாரையும் சேர்க்கவில்லை. மைனஸ் 14 உள்ள உங்களை அந்தக் கூட்டத்தில் நிறுத்தி, "ஏன் இவர்களைப்போல் இல்லை" என்று கேட்கிறது கருவி.

வடிவக் கணக்கும் இடிக்கிறது. கருவி பார்வை நரம்பைச் சுற்றி 3.46 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டத்தின் மேல் அளப்பதாக வைத்துக்கொள்கிறது. உண்மையில் அது கோணத்தைத்தான் நிர்ணயிக்கிறது. டார்ச்சைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்தால் வெளிச்ச வட்டம் பெரிதாவதுபோல, உங்கள் 29 மி.மீ. கண்ணில் அந்த வட்டம் 4 மி.மீ.க்கும் மேல் விரிந்து விழும். நரம்பிழைகள் நரம்பை நெருங்கும் இடத்தில் கூடித் தடித்திருக்கும், தள்ளிப் போகப் போக மெலியும். தள்ளி அளந்தால் மெலிவாகத்தானே வரும்?

இதற்கு மேல், நீளக் கண்ணில் நரம்பிழைகளின் மேல் கற்றையும் கீழ் கற்றையும் நெற்றிப்பொட்டுப் பக்கமாக நகர்ந்திருக்கும். கருவி எதிர்பார்க்கும் இடத்தில் கற்றை இல்லாததால் அங்கே சிவப்பு. அது நகர்ந்துபோன இடத்தில் வழக்கத்தைவிடத் தடிமன். உங்கள் வரைபடத்தில் இந்தக் கற்றைகளைக் காட்டும் இரண்டு முகடுகளும் அப்படியே உயரமாக இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. முகடே சரிந்து பள்ளமாகியிருந்தால் பயப்படலாம். உங்களுடையது இடம் மாறிய முகடு. இந்த ஒரு படம்தான், உங்கள் சிவப்பில் பெரும்பகுதி நீளக் கண்ணின் அமைப்பு என்று என்னைச் சொல்லவைக்கிறது.

பெரும்பகுதி என்றேன், முழுவதும் என்று சொல்லவில்லை. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு உண்மையான கிளாக்கோமா வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். 'கிட்டப்பார்வைக்கு இப்படித்தான் சிவப்பு வரும்' என்று தள்ளிவிட்டு உண்மையான தேய்வைத் தவறவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. அதற்காகத்தான் ஃபீல்டு டெஸ்ட்.

நீங்கள் தவிர்த்த அந்த டெஸ்ட்

பார்வைப் பரப்பில் ஓட்டை இருக்கிறதா என்று அதுதான் சொல்லும். 24-2 என்ற வகையோடு, நடுப்பகுதியை நெருக்கமாகப் பார்க்கும் 10-2 வகையையும் கேளுங்கள். முதல் முறை பலருக்கும் மோசமாக வரும். கை பழகாததுதான் காரணம். இரண்டு முறை எடுத்து இரண்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால்தான் கணக்கு. இன்னொரு சிறு விஷயம், ஆனால் அடிக்கடி தவறுவது: டெஸ்ட் 30 செ.மீ. தூரத்தில் நடக்கிறது, உள்ளே வைத்த லென்ஸ் தானாகக் குவியாது. உங்கள் மைனஸ் 2.5-உடன் பிளஸ் 3-ஐ ஒட்டிக் கூட்டினால் கிட்டத்தட்ட லென்ஸே தேவையில்லாத நிலை வரும். பழைய ஃபைலைப் பார்த்து மைனஸ் 14 லென்ஸைப் போட்டுவிட்டால் பரப்பு முழுக்கக் கறுப்பாகவே வரும். உட்காரும் முன் "புரை எடுத்த கண், புதுப் பவர்" என்று சொல்லுங்கள்.

அறுவை கெடுத்ததா என்ற அண்ணனின் கேள்வி

புரை அறுவைக்குப் பின் பார்வை நரம்பு உண்மையிலேயே அடிபடுவது அரிது, ஆனால் உண்டு. முதல் நாள் அழுத்தம் வெகுவாக ஏறலாம். நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபடலாம். அப்படி நடந்தால் வலியில்லாமல் ஒரு பாதி திடீரென இருளும், சிவப்பு வெளிறித் தெரியும், டார்ச் அடித்தால் அந்தக் கண்ணின் பாப்பா மந்தமாகச் சுருங்கும். உங்களுக்கு 6/9 பார்வை, நிறங்கள் முன்பைவிடப் பளிச்சென்று தெரிவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டார்ச் பரிசோதனை அரை நிமிட வேலை, கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று ஸ்கேனை வைத்து வழக்குப் போட்டால், முதல் ஸ்கேனின் சிக்னல் 4 என்ற இடத்திலேயே அது நின்றுவிடும். மருத்துவமனை நிறுத்தச் சொன்ன மருந்தை நீங்கள் தொடர்ந்ததும் வெளியே வரும்.

ஆனால் ஆவணங்களை வாங்கி வைப்பது உங்கள் உரிமை, வழக்குக்காக இல்லாவிட்டாலும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிப்படி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். கேட்க வேண்டியவை: அறுவைக் குறிப்பு (லென்ஸைத் தாங்கும் பின்பக்கப் பை கிழிந்ததா என்று அதில் இருக்கும், கிழிந்திருந்தால் விழித்திரை ஆபத்து கூடும்), லென்ஸ் ஸ்டிக்கர், கண் நீளம் அளந்த தாள், மூன்று ஓசிடியின் முழு நகல்.

இடக்கண்ணை என்ன செய்வது?

செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. இப்போது இரண்டு கண்ணுக்கும் 10 பவர் வித்தியாசம். கண்ணாடியில் இதைச் சரிசெய்ய முடியாது; இரண்டு கண்ணிலும் உருவத்தின் அளவே வேறாகி மூளை சேர்த்து வைக்காது. மாடிப்படி இறங்கும்போது தடுமாறுவதாக எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான். இடக்கண் அறுவை வரைக்கும் அந்தக் கண்ணில் மட்டும் கான்டாக்ட் லென்ஸ் போடலாம். போட்டால், அறுவைக்காகக் கண் அளக்கும் முன் ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கருவிழியின் வளைவு தப்பாக வரும்.

என் கருத்து: இடக்கண்ணைச் செய்துகொள்ளுங்கள், ஆனால் இந்த வாரம் வேண்டாம். வலக்கண் ஓரம் பத்திரம் என்று உறுதியாகி, அழுத்தம் இரண்டு முறை தொடர்ந்து 20-க்குக் கீழே வந்த பிறகு. இடக்கண் ஓரத்தில் கிழிசல் இருந்தால் முதலில் லேசர். மாகுலா ஸ்கேன் தனியாக எடுங்கள். நீளக் கண்ணில் விழித்திரை அடுக்குகள் பிரிந்திருந்தால், லென்ஸ் எவ்வளவு நன்றாக வைத்தாலும் எழுத்து கோணலாகத்தான் தெரியும். அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மயக்க ஊசி பற்றியும் பேசுங்கள். நீளக் கண்ணில் பின்னால் ஊசி போடும்போது கண் சுவரில் குத்திவிடும் ஆபத்து கூடுதல். சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்யும் முறை பாதுகாப்பானது. லென்ஸ் பவருக்கு வலக்கண்ணின் அளவையும் கிடைத்த முடிவையும் சேர்த்தே கணக்கிடச் சொல்லுங்கள். வலக்கண்ணைப்போலவே மைனஸ் 2.5-ஐ ஒட்டி வைத்தால் படிக்கும் பழக்கம் மாறாது. "வலக்கண்ணில் ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறியது" என்று கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதவையுங்கள். வீரியம் குறைந்த ஸ்டீராய்டைக் குறைந்த நாளுக்குக் கொடுத்து, முதல் வாரமும் மூன்றாம் வாரமும் அழுத்தம் பார்ப்பார்கள்.

இடக்கண் ஸ்கேனில் 69 என்று வந்திருக்கிறது, சிக்னல் 5. அந்தத் தாளைக் கிழித்துப் போடவேண்டாம். மேலே பென்சிலில் 'புரையோடு எடுத்தது, ஒப்பிடக்கூடாது' என்று எழுதி ஃபைலில் வையுங்கள். அறுவை முடிந்து மூன்றாம் மாதம் எடுப்பதுதான் அந்தக் கண்ணின் முதல் கணக்கு.